ஜோவிதாவின் ஓலை

சனிக்கிழமை வந்தால் மாடம்பாக்கத்து வீட்டின் சமையலறை லாசரஸின் கைக்கு வந்துவிடும். ஒருபக்கம் பிரசங்கக் குறிப்பு, மறுபக்கம் அலைபேசியில் கிரிக்கெட், நடுவில் அடுப்பில் மீன் குழம்பு. "புளி கரைக்கும்போதுதான் எனக்கு வசனமே திறக்குது" என்பார். மனைவி ஜெரூஷா சிரிப்பாள்.

கோவளத்திலிருந்து கூடையோடு வரும் செல்வம்மாள், அன்றும் வாசலில் குந்தி சங்கரா மீனின் செதிலைச் சீவினாள்.

"இன்னா பாஸ்டரே, புதுக் கோயில்ல கூட்டம் கீதா?"

"வருவாங்க செல்வம்மா. மெதுவா வருவாங்க."

"போன வாரம் அந்தாண்டதான் வந்தேன். மேல ஆறு ஃபேன் சுத்திகினு கீது, கீய எட்டுப் பேரு. நல்லா காத்து வாங்குறாங்கபா!"

உள்ளேயிருந்து ஜெரூஷா சிரித்துவிட்டாள். லாசரஸும் சிரித்தார். ஆனால் நெஞ்சில் ஒரு முள் நின்றது.

பதினெட்டு வருடம் தாம்பரத்துப் பெரிய கோயிலில் ஆயருக்குக் கீழே உபதேசியாராக இருந்தவர் அவர். சபைத் தேர்தல் சண்டையில் வாயைக் கொடுத்து, மனம் கசந்து வெளியே வந்தார். 'எங்கள் குடும்பத்தின் பெயரைச் சபைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுங்கள்' என்று எழுதிக் கொடுத்தபோது, நாற்பது குடும்பங்களாவது பின்னால் வரும் என்று நம்பினார். வந்தவை ஏழு. தகரக் கூரை போட்டு, புதுக் கோயிலைப் பிரதிஷ்டை செய்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஏழு நான்காகிவிட்டது.

அந்த நான்கில் தூண் போல நின்றது துரைராஜின் குடும்பம். அவர் மகள் ஜோவிதாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். புதுக் கோயிலின் முதல் கல்யாணம்! அது மட்டும் நடந்துவிட்டால் சபை வேர் பிடித்துவிடும் என்பது லாசரஸின் கணக்கு. கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறும் ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் உண்டானால் சொல்லுங்கள் என்ற அறிவிப்பு. முதல் ஓலை மறுநாள். குளிக்கும்போதுகூட அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்திருந்தார்.

மதியம் துரைராஜ் வந்தார். ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"உட்காருங்கண்ணா. குழம்பு கொதிக்குது, சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"இல்ல பாஸ்டர். ஓலையை நாளைக்குப் பெரிய கோயில்ல வாசிக்கிறாங்க. கல்யாணமும் அங்கதான். மாப்பிள்ளை கனடா போறார், சர்டிபிகேட் வேணும். கல்யாணம் நடத்த நமக்கு இன்னும் லைசென்ஸ் வரலைன்னு சம்பந்தி ஒத்துக்க மாட்டேங்கறார்."

"விண்ணப்பம் போட்டிருக்கேனே..."

"ஜோவிதா அழுதா. அங்கிள்தான் ஜெபம் பண்ணித் தாலி எடுத்துக் கொடுக்கணும்னு. நான் என்ன பண்ணுவேன்?"

லாசரஸ் அடுப்பைத் தணித்தார். பிறகு கேட்டார். "அங்கதான் உங்க பேரே இல்லையே. எப்படி வாசிப்பாங்க?"

"பேரை நாங்க எடுக்கவே இல்ல, பாஸ்டர். கல்யாணம், சாவுன்னு வந்தா ஒரு எடம் வேணும்ல? யாருமே எடுக்கல." சொல்லிவிட்டு, துரைராஜின் பார்வை அவரை அறியாமல் ஜெரூஷாவின் பக்கம் போய்த் திரும்பியது.

அவர் போன பிறகு லாசரஸ் கேட்டார். "உன் பேருமா?"

ஜெரூஷா பொய் சொல்லவில்லை. "நீங்க கடிதம் கொடுத்த மறுநாளே போனேன். என் பேரை மட்டும் தனியா வச்சுக்கச் சொன்னேன்."

"ஏன்?"

"ஜென்சி அங்கதானே இருக்கா."

ஆறு வயதில் டெங்குவில் போன மகள். பதினோரு வருடமாகப் பெரிய கோயில் கல்லறைத் தோட்டத்தில், வேப்பமரத்தடியில் இருக்கிறாள்.

"பேரு இருந்தாத்தான் அங்க குழிக்கு இடம் தருவாங்க. எனக்கு அவ பக்கத்துலதான் படுக்கணும். உங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்டேங்க. அவரே வந்து எழுதிக் கொடுக்கட்டும்னுட்டாங்க."

அன்று குழம்பில் உப்பில்லை. இருவரும் அதைச் சொல்லாமலே சாப்பிட்டார்கள்.

ஞாயிறன்று துரைராஜின் வரிசை காலி. இருந்த நாலைந்து பேருக்கு லாசரஸ் நம்பிக்கையைப் பற்றிப் பிரசங்கித்தார். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. ஆராதனை முடிந்து மற்றவர்கள் போன பின்னும், ஓய்வுபெற்ற டீச்சர் ஞானசௌந்தரி மட்டும் உட்கார்ந்திருந்தார். தனியாக வாழ்கிறவர்.

"எல்லாரும் அங்கேயே பேரை வச்சிருந்தாங்களாமே பாஸ்டர்? நீங்க சொன்னீங்களேன்னு நான் மட்டும் நிஜமாவே எடுத்துட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "கோச்சுக்காதீங்க. எனக்கு எழுபத்தெட்டு ஆச்சு. திரும்பச் சேரணும்னா, இப்ப இருக்கற சபையிலேருந்து கடிதம் கேக்கறாங்க."

லாசரஸ் மறுக்கவில்லை. மேசைமுன் உட்கார்ந்து எழுதினார். 'மேற்படி சகோதரி எங்கள் சபையில் நற்சாட்சியுடன் இருந்தவர். அவரைத் தங்கள் சபையில் ஏற்றுக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். புதுச் சபையின் முத்திரை முதன்முதலாக விழுந்தது அந்தக் கடிதத்தில்தான்.

ஜெரூஷா அருகில் வந்து குனிந்தாள். "உங்களுக்கும் ஒண்ணு எழுதிடுங்களேன். கையெழுத்துப் போடற பாஸ்டரும் நீங்கதானே."

கேலி போலத்தான் சொன்னாள். கண்ணில் கேலி இல்லை.

அவர் இன்னொரு தாளை எடுத்தார். தேதி எழுதினார். 'ஆயர் அவர்களுக்கு' என்று எழுதினார். தேர்தலன்று தன்னைப் பார்த்துச் சிரித்த முகங்கள் நினைவில் வந்தன. பேனா நின்றது.

"எழுதுங்க."

"முடியல ஜெரூ."

அவள் வற்புறுத்தவில்லை. அவர் தோளில் ஒரு கணம் கை வைத்தாள். பிறகு ஞானசௌந்தரியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனாள். "டீச்சரை விட்டுட்டு, அப்படியே ஜென்சிகிட்ட போயிட்டு வரேன்" என்று வாசலில் நின்று சொன்னாள். வருகிறீர்களா என்று கேட்கவில்லை.

ஆட்டோ கிளம்பிப் போனது. லாசரஸ் அந்தத் தாளை நான்காக மடித்தார். பிறகு எழுந்து, யாரும் உட்காராத நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.