பூட்டிய வீட்டு வாசகர்கள்

பெங்களூரு பொம்மனஹள்ளியில், ஏழாவது கிராஸ் தெருவில் கருத்துக்கணிப்புக்குப் பதில் சொன்னவர்களுக்கு, மறுநாள் காலையிலிருந்து, தாங்கள் சொன்ன வகைப் பாட்டைத் தவிர வேறு எந்தப் பாட்டும் காதில் விழவில்லை. அன்று தக்காளி கிலோ நாற்பது ரூபாய். புதிதாக வரவிருந்த இசைப் பத்திரிகை ஒன்று, பிறப்பதற்கு முன்பே வாசகர் ரசனையை அளந்து வர ஆய்வாளர் சுதீரை அனுப்பியிருந்தது. கேட்டால் மனிதர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று நம்பும் அளவுக்குப் படித்தவன் அவன்.

பாகீரதியின் வாசலுக்கு அவன் வந்தபோது பக்கத்து வீட்டு சீதாலட்சுமியும் கீரைக்கட்டோடு அங்கே நின்றிருந்தாள். அவள் சபா செயலாளர். கேள்வி கேட்டவன் சுதீர். பாகீரதி பதில் சொன்னது சீதாலட்சுமிக்கு. “கர்நாடக சங்கீதம்தான். வேற என்னத்தக் கேக்கறது?” அப்போது அவள் அடுப்படியில் குத்துப்பாட்டு ஒன்று தோசைக்கல்லே அதிரும்படி அலறிக்கொண்டிருந்தது. “அது எங்காத்துக்காரர் வெச்சது” என்றாள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வெங்கடகிருஷ்ணன், சோபாவில் குறட்டை விட்டபடியே அந்தப் பழியை ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் ரேடியோவில் அதே பாட்டு ஓடியது. மாடியில் குடியிருந்த சோஃபியா துணி உலர்த்தியபடி அதற்குத் தலையாட்டினாள். பாகீரதிக்கு மட்டும் ஊமை. காலையில் குத்துப்பாட்டு கேட்கும் அந்த அரைமணி நேரம்தான் அவள் யாருக்கும் மனைவியாகவோ அம்மாவாகவோ இல்லாமல் இருந்த நேரம். அது போனதில் அவளுக்கு அழுகையே வந்தது. தெருவில் மற்றவர்கள் நிலைமையும் அப்படித்தான். கௌரவத்துக்கு ஜாஸ் என்று சொல்லிவைத்த ரகுராமுக்குத் தன் கல்யாண நாதஸ்வரம் கேட்கவில்லை. தாலி கட்டும்போது யாரோ முழங்கையால் இடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இருபத்து நாலு மணி நேரமும் பக்திப் பாடல் என்ற சீதாலட்சுமிக்கு அது அப்படியே கிடைத்தது. தூக்கம்தான் போயிற்று.

பாகீரதி சுதீருக்குப் போன் செய்தாள். “தப்பாச் சொல்லிட்டேன், மாத்திக்கோங்கோ.”

“சாம்பிள் க்ளோஸ் ஆயிடுச்சு மேடம். இப்ப மாத்துனா டேட்டா கெட்டுடும்.”

டேட்டா கெடாமல் பத்திரிகை வந்தது, அமோகமாக விற்றது. கணிப்பு அச்சுப் பிசகாமல் பலித்ததாக சுதீருக்குப் பதவி உயர்வு.

தெருவில் எல்லாப் பாட்டும் கேட்டது சோஃபியாவுக்கு மட்டும்தான். எப்படி என்று பாகீரதி விசாரித்தாள். “அன்னிக்கு எனக்கு பீன்யா ஃபாக்டரில ஷிஃப்டு, அக்கா. வீடு பூட்டியிருந்துச்சி.” பாகீரதிக்கு அது போதும்.

அடுத்த ஆண்டு சுதீர் மறுபடி வந்த அன்று, தெருவே வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. எல்லா வீட்டையும் வெளியே பூட்டிவிட்டு, சாவிக்கொத்தோடு ஷிஃப்டுக்குப் போனாள் சோஃபியா. அவன் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று பதியப் பதிய, வரிசையாகக் காதுகள் திறந்தன. பாகீரதியின் வீட்டுக்குள் தோசைக்கல் அதிர்ந்தது அவனுக்கும் கேட்டது. ஆனால் அதைக் குறிக்க அவன் படிவத்தில் கட்டம் இல்லை. இப்போது அந்தப் பத்திரிகை, வீட்டில் இல்லாதவர்களே தன் முக்கிய வாசகர்கள் என்று கண்டறிந்து அவர்களுக்காகத் தனி இணைப்பு வெளியிடுகிறது. தெருவும் வருஷத்துக்கு ஒருநாள் பூட்டிக்கொள்கிறது.

அந்த முதல் பூட்டு நாளில் வெங்கடகிருஷ்ணன் திடுக்கிட்டு எழுந்து, “யார்டி இதை வெச்சது?” என்று கத்தினார்.

“நான்தான்” என்றாள் பாகீரதி, கரண்டியும் கையுமாக ஆடிக்கொண்டே.