செசீலியாவின் அன்புத் தந்தை

“திரும்ப வாசி,” என்றார் டொமினிக்.

செசீலியா அப்பாவின் காதருகே குனிந்து, அவருடைய மரண அறிவித்தலை முதல் வரியிலிருந்து வாசித்தாள். முந்தாநாள் அவரே சொல்லச் சொல்ல எழுதியது. சூறாவளி அடித்த வருடம் தகப்பனிடமிருந்து புளியந்தீவு அச்சகத்தைப் பொறுப்பேற்றவர். ஊரடங்கு நாட்களில் பாடசாலைக் கொப்பித் தாளில்கூட வாரப் பத்திரிகையை அச்சடித்தவர். அதில் ஒரு பெயரும் பிழையாக வர விட்டதில்லை. தன்னுடையதில் விடுவாரா?

“...செசீலியாவின் அன்புத் தந்தையும்...”

“நில்லு.” மூச்சு இழுத்தது. “லொறெய்ன்ட பேரையும் போடு மகள்.”

இருபது வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். சுனாமிக்கு அடுத்த கிழமை டொமினிக் முகாம் முகாமாகப் போய், இறந்தவர்களின் பெயர்களை உறவினர்களிடம் கேட்டுச் சரிபார்த்து ஏழு பக்கம் அச்சிட்டார். எழுதிக்கொள்ளச் சின்ன மகள் லொறெய்னைக் கூட்டிப்போனார். அங்கே சோறு பகிர்ந்துகொண்டிருந்த ஏறாவூர் முஸ்லிம் பொடியன் நிஸ்தாரை, ஒரு வருடத்தில் அவள் கலியாணம் முடித்துக்கொண்டு போய்விட்டாள். செசீலியாவுக்கு நாள் குறித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த மாதமே விலகிக்கொண்டார்கள். பிறகு யாரும் கேட்டு வரவில்லை. அவள் பத்திரிகைக்குப் பக்கம் கட்டினாள், பிழை திருத்தினாள். கடைசி மூன்று வருடம் அப்பாவுக்கு மலசலம் அள்ளினாள்.

“ஏன் அப்பா இப்ப?”

“அவளும் என்ட புள்ளதானே. அவளப் பாக்கணும் போல கிடக்கு.”

“அப்ப நான்?”

டொமினிக் கண்ணை மூடிக்கொண்டார்.

“நீ இஞ்சதானே இரிக்காய்.”

அவர் பார்க்கவே பெயரை எழுதி, வாசித்தும் காட்டினாள். அவர் தலையசைத்தார். ஏறாவூருக்கு அவள் போன் பண்ணவில்லை. அன்று பகல் பதினொரு மணிக்கு அவர் இறந்தார்.

பின்னேரம் இதழ் அச்சுக்குப் போக வேண்டும். செசீலியா கணினி முன் உட்கார்ந்து அறிவித்தலை அடித்தாள். ‘செசீலியா, லொறெய்ன் ஆகியோரின்’ என்று ஒருமுறை அடித்துப் பார்த்தாள். அழித்தாள். ‘செசீலியாவின்’ என்று அடித்து அனுப்பினாள். பிறகுதான் அப்பாவைக் குளிப்பாட்டப் போனாள்.

அடுத்த நாள் காலை, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு லொறெய்ன் நிஸ்தாரோடு வந்தாள். பெட்டியருகே நெடுநேரம் நின்றாள். கதிரையில் கிடந்த பத்திரிகையை எடுத்து வாசித்தாள். பிறகு குசினிக்குள் வந்தாள். செசீலியா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, என்ட பேரப் போட வேணாமெண்டு அப்பாவா சொன்னவரு?”

“ஓம்.”

“கடைசியிலயும் என்னக் கேக்கல்லையா?”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. செசீலியா குழாயை மூடினாள்.

“இல்ல.”

லொறெய்ன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வெளியே வரவில்லை. பிறகு அக்காவைப் பார்த்தாள்.

“அவர்ட கோவத்தையும் நீங்கதானே தனிய இருந்து தாங்கியிருப்பீங்க.”

செசீலியா கழுவிய கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தாள். கூடத்தில் செபமாலை தொடங்கியது.

“விடியத்தில இருந்து ஒண்டும் குடிக்கல்லத்தானே அக்கா?” லொறெய்ன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேத்திலை அடுப்பில் வைத்தாள். தேயிலை டின் எங்கே என்று கேட்டாள். தேத்தண்ணியை ஆற்றி அக்காவின் கையில் கொடுத்தாள்.

சீனி கூடிப்போயிருந்தது. செசீலியா கோப்பையின் அடி தெரியும்வரை குடித்தாள்.