இடப்பக்கத்து நரம்பு

ஒப்புதல் படிவம் சிங்களத்தில் இருந்தது. தாதி அதை ஜீவராணியிடம் கொடுத்து, அம்மாவுக்கு வாசித்துச் சொல்லிக் கையொப்பம் வாங்கி வைக்கும்படி கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். மருத்துவபீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் பக்கத்திலேயே இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?

ஏழாவது வரியை ஜீவராணி மூன்று தரம் வாசித்தாள். சத்திரசிகிச்சையின்போது குரல் நரம்பு பாதிக்கப்படலாம். குரல் கம்மலாம், ஒரேயடியாகப் போய்விடவும் கூடும்.

அம்மா மீனம்மா கட்டிலில் சம்மணமிட்டு, பக்கத்துக் கட்டில்காரியிடம் பொகவந்தலாவை பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தரம் விழுங்கும்போதும் கழுத்துக் கட்டி மேலேறி இறங்கியது. தேயிலைத் தோட்டத்தில் அந்தக் குரலுக்குத் தனி மரியாதை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கொழுந்து பறிக்கும் மலையில் யாரை அதட்டினாலும் பதில் அம்மாவிடமிருந்துதான் வரும். மீனம்மாவுக்குத் தொண்டை கட்டினால்தான் லயத்து வீடுகளின் காதுக்கு லீவு என்று கேலி செய்வார்கள்.

கட்டி மூச்சை அமுக்கத் தொடங்கியபோது, மூன்று மாதம் கெஞ்சி அம்மாவைச் சம்மதிக்க வைத்தவள் ஜீவராணி. சின்ன ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருந்தாள். அப்போது அவள் எந்தக் கழுத்தையும் பிரித்துப் பார்த்ததில்லை.

பார்த்தது போன மாதம், உடற்கூற்று வகுப்பில். மேசையில் பெயர் தெரியாத ஒரு முதியவரின் உடல். வலப்பக்கம் கூடப் படிக்கும் செந்தூரனுக்கு, இடப்பக்கம் அவளுக்கு. தோலுக்குக் கீழே காகிதம் போல ஒரு தசை. அதற்கும் கீழே, காதின் பின்னிருந்து மார்பெலும்புக்குச் சரிந்து இறங்கும் தடித்த தசை. அதை ஒதுக்கினால் ஒரே உறைக்குள் நாடியும் நாளமும் நரம்பும். நடுவே, மூச்சுக்குழாயை அணைத்தபடி தைராய்டு. குரல் நரம்பு அதன் பின்னால், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் இருக்க வேண்டும். இடப்பக்கத்து நரம்பு நெஞ்சுவரை இறங்கி, பெருநாடியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வரும். அவ்வளவு தூரம் வந்ததை ஜீவராணியால் கண்டுபிடிக்க முடியவில்லை. சவ்வை எடுப்பதாக நினைத்து இடுக்கியால் இழுத்தபோது, வெள்ளை நூல் ஒன்றும் சேர்ந்து அறுந்து வந்தது.

"நீர் இழுத்தது அதைத்தான்," என்றான் செந்தூரன் மெதுவாக.

அன்றிலிருந்து பஸ்ஸில் யார் பேசினாலும் அவர்கள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் படிவத்தை மடித்தாள், விரித்தாள், ஜன்னல்வரை போய் வந்தாள். ஏழாவது வரியை வாசிக்காமல் தாண்டிவிட்டால் அம்மா கையொப்பமிடுவாள், மூச்சு சரியாகும். சொன்னால், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

"என்னாடி, சூட்டுல நிக்கிற கோழி மாதிரி ஒரு எடத்துல நிக்காம? என்னா எழுதியிருக்கு அதுல?"

ஜீவராணி வாசித்தாள், ஏழாவது வரியையும். பிறகு நிறுத்த முடியாமல், தான் அறுத்த நரம்பைப் பற்றியும் சொன்னாள்.

அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டாள். "எனக்கு வெட்டப்போறது நீயா?"

"இல்லம்மா, பெரிய டாக்டரு. நெறையச் செஞ்சவரு."

"அப்ப நீ எதுக்கு நடுங்குற?"

அம்மா படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.  பிறகு, வராந்தாவில் அம்மாவின் துணிப்பையோடு நின்ற செந்தூரனை உள்ளே கூப்பிடச் சொன்னாள். துணைக்கு வந்தவன் அவன். அம்மாவுக்கு அவன் கூடப் படிக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி, அவ்வளவுதான் என்று ஜீவராணி நினைத்திருந்தாள்.

"தம்பி, பேச்சு போனாலும் போயிருமாம். பேச வேண்டியத இப்பவே பேசிர்றேன். எம்மகளப் பத்தி ஒங்க வீட்ல சொல்லிட்டீங்களா?"

பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது. "இன்னும் சொல்லேல்லை அம்மா. தோட்டத்துப் பிள்ளை எண்டால் எங்கட அம்மா... நேரம் பாத்துச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"நான் கண்ணு முழிக்கிறப்ப பதில் வேணும்."

பேனாவை வாங்கி, எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினாள்.

அம்மாவின் தள்ளுகட்டில் சத்திரசிகிச்சைக் கூடத்துக் கதவுக்குள் போனதும் செந்தூரன் எதிரேயிருந்த தொலைபேசிக் கடைக்குப் போனான். போரில் மூடிக்கிடந்த யாழ்ப்பாணத்துப் பாதை திறந்த வருடம் அது. வீட்டுக்கு லைன் கிடைக்கவே அரைமணி நேரம் ஆனது. திரும்பி வந்தவன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். ஜீவராணி வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

பின்னேரம் அம்மா கண் விழித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஜீவராணி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அம்மா எச்சிலை விழுங்கி, முகத்தைச் சுளித்து, மறுபடி முயன்றாள். மணலில் தேய்த்ததுபோல் கரகரத்து வந்தது.

"என்னா... சொன்னாங்க?"

ஜீவராணிக்கு அழுகை வந்துவிட்டது. பதில் சொன்னவன் செந்தூரன்.

"அப்பா உங்களை வந்து பாக்கலாமோ எண்டு கேட்டவர். எங்கட அம்மா கதைக்கேல்லை. அழுதுகொண்டு போனை வைச்சிட்டா."

மீனம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒங்க அம்மாவையும் வரச் சொல்லுங்க. நான் பேசிக்கிறேன்."