பின்னட்டையில் இருந்த ஆள்

வெல்மா காஸ்கின்ஸ் இதுவரை மூன்று இசைத்தட்டுகள் போட்டிருந்தாள். மூன்றின் பின்னட்டையிலும் ஒரே பொய். ஆர்கன்: வெல்மா காஸ்கின்ஸ். டிரம்ஸ்: கிளெமன்ட் பியூ. பேஸ்: ரூஸ்வெல்ட் டிம்ஸ். இந்த டிம்ஸை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பாட்டுக்கு அடியில் உருளும் அந்தக் கனத்த ஓசையை, ஆர்கனுக்குக் கீழே இருக்கும் மரக்கட்டைகளை மிதித்து அவளுடைய இடது கால்தான் வாசித்தது. "பொம்பளை காலால பேஸ் வாசிக்கிறான்னா எவன் நம்புவான்?" என்று கம்பெனிக்காரர் ஹார்வெல் தன் சரக்கு வண்டி ஓட்டுநரின் பெயரைப் போட்டுவிட்டார். தட்டு வெளிவந்தால் போதுமென்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

சனிக்கிழமை பெர்னீஸின் முடி அலங்காரக் கடையில் மூன்றாவது தட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுருள் முடியை நேராக்கும் சூடான இரும்புச் சீப்பை வெல்மாவின் தலையில் இழுத்தபடியே பெர்னீஸ் சொக்கிப்போனாள்.

"யாருடி அந்த டிம்ஸ்? அந்த பேஸைக் கேட்டா நெஞ்சே அதிருது. அந்த ஆளு சரின்னு சொன்னா நாளைக்கே கட்டிக்குவேன்."

"அது நான்டி. என் இடது கால்."

"ஆமாமா. வலது கால்தான் டிரம்ஸ் அடிச்சுதா?"

கடையே சிரித்தது. ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் அவள் வாசிப்பைக் கேட்கிறவர்கள்தான். ஆனால் ஆர்கனின் முன்பலகை காலை மறைத்துவிடும். வெல்மாவுக்குக் காது மடல் சுட்டது. சீப்பினால் இல்லை. நாலாவது தட்டில் அந்தப் பெயர் இருந்தால் ஆர்கனைத் தொடுவதில்லை என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தாள்.

செவ்வாய் மதியம் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதை ஹார்வெலிடம் சொன்னாள். அவர் அசரவில்லை.

"இனிமே அது பொய்யே இல்லம்மா. டிம்ஸ் நிஜமாவே பேஸ் வாசிக்கக் கத்துக்கிட்டான். இன்னைக்கு அவனே வாசிப்பான். உன் காலுக்கும் ஓய்வு."

மூலையில் ஒல்லியான ஒருவன் ஆளுயர பேஸ் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தபடி கூசி நின்றான். பெயரும் போதாதென்று இப்போது காலையும் பிடுங்கப் பார்க்கிறார்களே என்று நினைத்தாள் வெல்மா. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"சரி. ரெண்டாவது தட்டுல 'ஞாயித்துக்கிழமைக் கோழி' இருக்கே, அதை வாசி தம்பி."

அவன் வாசித்தான். நன்றாகவே வாசித்தான், அதை அவளால் மறுக்க முடியவில்லை. பாட்டு பாதி தாண்டியதும் ஓரிடத்தில் பேஸ் ஒரு கணம் நின்றது. அடுத்த சுரம் இரண்டு முறை அவசரமாக விழுந்தது. கிளெமன்ட் பியூ டிரம்ஸ் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.

"நிறுத்து. அங்க ஏன் தடுமாறினே?" என்றாள் வெல்மா.

"தட்டுல அப்படித்தான்க்கா இருக்கு. அந்த இடம் வரவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு."

"பதிவு அன்னைக்கு அங்கதான் என் செருப்புக் குதிகால் உடைஞ்சுது."

வெல்மா ஆர்கனில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அதே பாட்டைக் காலால் மட்டும் வாசித்தாள். இந்த முறை தடுமாற்றம் இல்லை.

டிம்ஸ் பேஸை உறையில் போட்டான். "தட்டுல என் பேரைப் பார்த்துத்தான்க்கா எனக்குக் கச்சேரி கிடைக்குது, வாசிச்சது உங்க கால். அதைக் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன். சார், என் பேரை எடுத்துருங்க. இல்லேன்னா நானே பத்திரிகைக்கு எழுதிப் போட்டுருவேன்."

"அப்போ உன் கச்சேரி என்னாகும்?" என்றார் ஹார்வெல்.

"சொந்தமா ஏதாவது வாசிச்சுச் சம்பாதிக்கிறேன் சார்."

ஹார்வெல் வெல்மாவைப் பார்த்தார். அவள் கைகள் இன்னும் மடியிலேயே இருந்தன. பெயர் மாறும்வரை அவை மேலே வரப்போவதில்லை என்பது அவருக்குப் புரிந்தது. பேனாவைத் திறந்தார்.

வசந்தத்தில் நாலாவது தட்டு வந்தது. பெர்னீஸ் அதைக் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். "டிரம்ஸ்: கிளெமன்ட் பியூ. ஆர்கன்: வெல்மா காஸ்கின்ஸ். பேஸ்..." அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனாள். பேஸ்: வெல்மா காஸ்கின்ஸின் இடது கால்.

வெல்மா செருப்பைக் கழற்றி, இடது காலை நாற்காலியின் மிதிப்படியில் தூக்கி வைத்தாள்.

"மாப்பிள்ளை வந்திருக்காருடி. தேதி எப்போன்னு கேக்குறாரு."