கொஞ்சம் என்று எழுத இடமில்லை

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பதினாறு நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். அந்த இறையியல் கல்லூரியின் வழக்கம் அது. ஒரே உலையில் சாப்பிட்டு ஒரே கூரையின் கீழ் படிக்கிறவர்களுக்குள் மனஸ்தாபம் என்றால் வட்டத்தில் சொல்லித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் ஞாயிறன்று ஒருவருக்கும் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து கிடையாது. ஏற்கெனவே மூன்று ஞாயிறு போயிற்று.

காரணம் மூட்டைக்காரரும் சின்ன ஐயரும். இருவருக்கும் ஒரே அறை. மூட்டைக்காரர் பதினாலு வருஷம் தானியக் கிட்டங்கியில் சுமை தூக்கிவிட்டு, மனைவி பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டுப் படிக்க வந்தவர். சின்ன ஐயர் ஒரு போதகரின் மகன், அதனால்தான் அந்தப் பெயர். பேச்சில் சூரன்.

அறை ஜெபத்தில் ஒருநாள் மூட்டைக்காரர் மனம்விட்டுச் சொன்னார். மூட்டையைக் கிழித்துத் தானியம் எடுத்தது அவர். பழி விழுந்தது கூட வேலை செய்தவன் தலையில். அவனை வேலையைவிட்டு விரட்டியபோது இவர் வாயைத் திறக்கவில்லை. பத்து நாள் கழித்துப் பிரசங்க வகுப்பில் சின்ன ஐயர் அதை எடுத்துக்காட்டாகச் சொன்னான். பெயர் சொல்லவில்லை, ‘நானறிந்த ஒரு சுமைதூக்கி’ என்றான். அங்கே முதுகில் தழும்புள்ளவர் ஒருவர்தான். அத்தனை தலைகளும் திரும்பின. பிரசங்கத்துக்கு முதல் மதிப்பெண்.

முதல்வர் குறிப்பேட்டைத் திறந்தார். “நாலாவது சனி. இன்னைக்கும் ஒத்துப்போகாதவரை வீட்டுக்கு அனுப்பணும். விதி தெரியும்ல?”

“பிரதர், இறக்கி வைங்க. உங்க மூட்டைய நாங்கல்ல சுமக்கிறோம்” என்றான் எதிரே உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கார மாணவன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சின்ன ஐயர் எழுந்தான். “அண்ணே, உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க.”

“பட்டிருந்தாவா?” என்றார் மூட்டைக்காரர்.



“மன்னிச்சாச்சா?” என்றார் முதல்வர்.

ஒரு சொல் போதும். மன்னிப்பைப் பற்றித் தேர்வில் எட்டுப் பக்கம் எழுதியவர்தான் மூட்டைக்காரர். ஆமாம் என்று சொன்னால் படிப்பு பிழைக்கும். இல்லையென்றால் மறுபடி கிட்டங்கி. அந்த இடுப்பு இனி ஐம்பது கிலோ தாங்காது.

“இல்லைங்கய்யா.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒருத்தன் வேலை போனப்ப வாய மூடிக்கிட்டுப் பொழச்சேன். இப்ப வாயத் திறந்து பொய் சொல்லிப் பொழைக்கவா? அதே பொழப்புதானே?”

யாரும் சிரிக்கவில்லை. முதல்வர் பேனாவை எடுத்து மூடியைத் திருகிக் கழற்றினார். அதைப் பார்த்ததும் சின்ன ஐயர் குறுக்கே வந்தான்.

“எழுதாதீங்கய்யா. தெரிஞ்சேதான் சொன்னேன். பேர் சொல்லாட்டியும் எல்லாரும் கண்டுபிடிப்பாங்கன்னு தெரியும். அண்ணன் அழுததப் பாத்தப்பவே, பிரசங்கத்துக்கு நல்லாயிருக்குமேன்னு தோணிச்சு. ஜெபத்துல கண்ண மூடிக்கிட்டே மனசுல குறிச்சுக்கிட்டேன்.” முதல்வர் பக்கம் திரும்பினான். “அந்த மார்க்க அடிச்சிடுங்க.”

கண்ணாடிக்காரன் முழங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனும் பிரசங்கத்துக்காக எத்தனையோ பேருடைய கண்ணீரைக் குறித்து வைத்திருந்தான்.

“இப்ப?” என்றார் முதல்வர்.

மூட்டைக்காரர் அவசரப்படவில்லை. “கொஞ்சம்.”

“கொஞ்சம்னா?”

“முன்ன இவன் மூஞ்சியப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். இப்ப வரல. அவ்வளவுதான்.”

“கொஞ்சம்னு எழுத இதுல இடமில்ல.”

“அப்ப இல்லன்னே எழுதுங்கய்யா.”

முதல்வரின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. கடைசியில் மூடியைத் திருப்பிப் போட்டார். “பிரசங்க மார்க் ரத்து. நாளைக்குத் திருவிருந்து இல்ல. வீட்டுக்கு அனுப்புறத நான் நிறுத்தி வைக்கிறேன். மேலிடத்துல கேட்டா நானே பதில் சொல்லிக்கிறேன். அடுத்த சனி பாப்போம்.”

“நாலாவது வாரமும் இல்லையா!” என்று யாரோ முனகினார்கள். நாற்காலிகள் இழுபட்டன.

பாத்திரம் கழுவுவது அன்று அந்த அறையின் முறை. மூட்டைக்காரர் தொட்டியருகே போய்க் குழாயைத் திறந்தார். சின்ன ஐயர் துணியோடு பின்னால் வந்து நின்றான்.

“துடைக்கட்டுமாண்ணே?”

“தட்டத் துடை. எங்கிட்டப் பேசாத.”