பந்தி இலை

வெம்பக்கோட்டைக்கு ஆஸ்பத்திரி வேண்டுமென்று எம்.எல்.ஏ. சட்டசபையில் கேள்வி கேட்டாராம். கட்டியதற்கல்ல, கேட்டதற்கே ஊர் அவருக்கு விருந்து வைத்தது. பந்தி நடக்கும்போது பட்டாசுக் கம்பெனி வெடித்தது.

வெந்துபோன தங்கை பஞ்சம்மாளைத் தோளில் போட்டுக்கொண்டு ராமுத்தாய் பந்தலுக்குள் நுழைந்தாள். பிடித்த இடமெல்லாம் தோல் உரிந்து கையோடு வந்தது.

"நீங்க கேட்ட ஆஸ்பத்திரி எங்கய்யா?"

"பரிசீலனையில இருக்குன்னு மந்திரி பதில் சொல்லிட்டாரும்மா," என்றார் எம்.எல்.ஏ., வாயில் சோற்றோடு.

வெந்த உடம்பைக் கிடத்த வாழை இலைதான் வேண்டும். மறித்த கையாளை ராமுத்தாய் எட்டி உதைத்துத் தள்ளினாள். பந்தி இலைகளை வரிசையாக உருவினாள். கொதிக்கும் சாம்பார் மடியில் கொட்ட, எம்.எல்.ஏ. அலறி எழுந்தார்.

இலைமேல் தங்கையைக் கிடத்திவிட்டு ராமுத்தாய் நிமிர்ந்தாள்.

"சுட்டுருச்சோ? அதையும் பரிசீலனையில வைங்க."