ஒம்பது மணி ஃபைல்

தோற்றம், மறைவு என்று இரண்டு தேதியையும் அடித்துவிட்டு, போஸ்டரில் போட நல்ல போட்டோவாகத் தேடிக்கொண்டிருந்தாள் செலினா. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுத்தவர் அவள் அப்பா பிலிப்பு. அவருக்கே, அவர் கடையிலேயே, அவர் நாற்காலியில் உட்கார்ந்து மகள் அடிக்கவேண்டி வந்ததே, இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர்தான். மார்வலி. ஆஸ்பத்திரி வாசல்வரைகூடத் தாங்கவில்லை. பெங்களூரிலிருந்து அவள் வந்து சேர்ந்தபோது மனுஷர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார்.

போட்டோ கிடைக்கவில்லை. அப்பா கடைசியாக அடித்த ஃபைல் ஒன்று கிடைத்தது. நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு அடித்தது. திறந்தால் 'nrypdh nrypdh' என்று பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்துக் குப்பை.

பொங்கலுக்கு வந்தபோது, "இன்னாப்பா இது, ஆதிகாலத்து ஃபாண்ட்டு? ஊரே யூனிகோடுக்கு மாறிடுச்சு" என்று கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக்கியவள் இவள்தான். அவசரக்குடுக்கை! ஃபைல்களைப் பத்திரப்படுத்தியவள், பழைய ஃபாண்ட்டை எடுத்து வைக்க மறந்துபோனாள். அப்பா அடித்த தமிழெல்லாம் ஒரே நாளில் இப்படிக் கிறுக்கலாகிவிட்டது. இதே மாதிரி கிடந்த நூற்றுக்கணக்கான ஃபைல்களைக் குப்பை என்று அவளே அழித்தாள். "சரிம்மா" என்றார் பிலிப்பு. அப்புறம் புது முறையில் அடிக்க தேவிப்ரியா என்ற பெண்ணை வேலைக்கு வைத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்துகொண்டார். போனிலும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

கோபத்தோடே போய்விட்டாரா? அது ஒன்று தெரிந்தால் போதும். பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அம்மா ரீத்தா பெட்டியோரம் உட்கார்ந்திருந்தாள். அவளும் பிலிப்பும் அந்தக் காலத்தில் திருக்கோவிலூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இங்கிலீஷும் தமிழும் பழகியவர்கள். தமிழ் மெஷினில் எந்த எழுத்து எந்த கீயில் இருந்ததோ, பழைய ஃபாண்ட்டிலும் அதே கீதான்.

"அம்மா, அப்பா நேத்து அடிச்சது. ஃபாண்ட்டு இல்லாம ஒண்ணும் புரியல."

ரீத்தா வாங்கிப் பார்த்தாள். உதடு அசையவில்லை. பெட்டிமேல் இருந்த விரல்கள்தான் மெல்ல அசைந்தன. ஆறு தட்டு. மறுபடியும் ஆறு.

"இன்னாம்மா எழுதியிருக்காரு? என்னத் திட்றாரா?"

"ஒம் பேருடி."

"அப்புறம்?"

"அப்புறமும் ஒம் பேருதான். நீ பெங்களூர் போன நாள்லேர்ந்து, கடையத் தொறந்ததும் அதத்தான் மொதல்ல அடிப்பாரு. கேட்டா, 'கீபோர்டு நல்லா வேல செய்யுதான்னு பாத்துக்கினு இருக்கேன்'னு மழுப்புவாரு."

அப்படியானால் பொங்கலன்று அவள் அழித்தது அத்தனையும்?

"ஃபாண்ட்டு இல்லியேம்மா. நேத்து ஸ்கிரீன்ல அவருக்கும் இந்தக் குப்பதான வந்திருக்கும்?"

"வந்தா இன்னா? வெரலுக்குத் தெரியாதா?"

பாதர் வந்துவிட்டார் என்று வாசலில் யாரோ சொன்னார்கள். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். செலினா எழவில்லை.

"எங்கெங்க அமுக்கணும்மா, சொல்லு" என்று தேம்பினாள்.

ரீத்தா மகளின் விரலைப் பிடித்தாள். ஈரம் பூத்திருந்த பெட்டிக் கண்ணாடிமேல், அவர் நெஞ்சுக்கு நேராக, ஆறு இடத்தில் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தாள்.